இடது கால்

பீல் நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால்,
மூன்றாம் மாடி.
மேசை நடுவில் தொலைபேசி.
அதற்குள்ளிருந்து ஜெயகௌரி மொழிபெயர்க்கிறாள்.
முகம் தெரியாது.
இடையிடையே அவள் வீட்டுக் குக்கர் விசிலடிக்கும்.

"கெட்ட கனவுக்கு இவையின்ரை சொல்லிலை
ஆல்ப் எண்டு வருது அக்கா.
மலை இல்லை,
நெஞ்சிலை ஏறிக் குந்துற பேய்."
அமுக்குவான் என்றேன்.
ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு
ரெகுலா எழுதிக்கொண்டாள்.
பதினான்கு வருடத்தில்
இந்த நாட்டுக்கு நான் கொடுத்த முதற் சொல்.

கனவு பெரிதாக ஒன்றுமில்லை.
முழங்காலளவு தண்ணீர்.
வெறுங்கால். அடியில் சிப்பி.
பின்னால் ஒருவர் வருகிறார்,
சலக் சலக்கென்று.
திரும்பிப் பார்த்ததில்லை.
அவ்வளவுதான்.
அதற்குத்தான் இரவு மூன்று மணிக்கு எழும்பி
குசினியில் வெளிச்சம் போட்டு
கழுவிய கோப்பைகளையே கழுவுகிறேன்.
தவநேசன் கதவடியில் வந்து நிற்பார்.
"தண்ணியை நிப்பாட்டும்" என்பார்.
எந்தத் தண்ணியை?

"ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.
பகலில், விழித்திருக்கும்போது.
எழுதிவிட்டுக் கண்ணை மூடி
பத்து நிமிடம் அதையே பாருங்கள்."

தம்பியை உயிரோடு எழுதலாமா?
கேட்கவில்லை.
கேட்டால் ஜெயகௌரி அதை
மொழிபெயர்க்க வேண்டிவரும்.

ஆகவே சப்பாத்து என்றேன்.
சிரிப்பாளோ என்று பார்த்தேன்.
"என்ன சப்பாத்து?" என்றாள் ரெகுலா.
பனிக்குப் போடுவது. கறுப்பு. உள்ளே கம்பளி.
கழிவு விலையில் முப்பத்தொன்பது பிராங்.
"அளவு?"
முப்பத்தேழு.

மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்
எறும்புக்கண் அளவு திருகாணிகளை
இடுக்கியால் எடுத்துவைப்பவள் நான்.
சின்ன வேலை எனக்குச் சரிவரும்.
ஒவ்வொரு பின்னேரமும் கொப்பியில்
அதே கடல்நீரேரி, அதே சிப்பி,
குனிந்து வார் இறுக்குகிறேன்.
கனவென்ன பள்ளிக்கூடப் பிள்ளையா,
எழுதிக் கொடுத்ததை ஒப்புவிக்க?
முதற் கிழமை வெறுங்கால்.
இரண்டாம் கிழமையும் வெறுங்கால்.
மூன்றாம் கிழமை கனவே வரவில்லை,
அது இன்னும் பயமாக இருந்தது.

பிறகு ஒரு வியாழன்.
ஏரிப்பக்கமிருந்து மூடுபனி ஏறி
ட்ரொலிபஸ் கம்பிகளை விழுங்கிய இரவு.
தண்ணீர். சிப்பி.
குனிந்தேன்.
இடது காலில் மட்டும்
இருந்தது,
விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காமல்.

ஒற்றைச் சப்பாத்தோடு யார் ஓடுவது?
நொண்டினேன்.
நொண்ட நொண்ட
சலக் சலக் கிட்ட வந்தது.
பயத்துக்கு முதல் கோபம் வந்தது எனக்கு.
மற்றது எங்கே என்று கேட்கத்தான்
திரும்பினேன்.

அவர் நின்றுவிட்டார்.
முகம் நினைவில்லை.
கால்களைத்தான் பார்த்தேன்.
கலங்கல் தண்ணீருக்குள்
பத்து விரல்களும் வெளிறிப்போய்,
சிப்பி கிழித்த இடத்திலிருந்து
சிவப்பாக ஒரு நூல் மிதந்து போனது.

"ஆர் அக்கா?"
கேட்டது ஜெயகௌரி.
ரெகுலா இன்னும் வாய் திறக்கவில்லை.

தெரியாது என்றேன்.
குக்கர் விசிலடித்தது.
அவள் எழுந்து போகவில்லை.

இன்று பின்னேரம்
இன்னொரு சோடி எழுத வேண்டும்.
அளவுதான் தெரியவில்லை.