கோடு இருக்கவில்லை, ஐயா

நீதவான் கேட்டார்.
நான் சொன்னேன்:
“கோடு இருக்கவில்லை, ஐயா.”

பொலிஸ் எடுத்த படத்தில்
தார், தாரின் மேல் மணல்,
வாகை இலை,
கழன்று கிடந்த ஒற்றைச் செருப்பு.
மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை.
என் சட்டத்தரணி அதை
கலியாணப் படம்போல உயர்த்திக் காட்டினார்.

ஆனால் பதினெட்டு வருஷமாய்
இந்தக் கண்டி வீதியில் ஓட்டோ ஓடுகிறவன் நான்.
மூன்றாம் கட்டை தாண்டினதும்
பாடசாலை மதிலுக்கு நேரே
ஏழு கோடு.
முதலில் மஞ்சள், பிறகு அதன்மேல் வெள்ளை.
பிறகு சீமெந்து லொறிகள்,
ஐஸ் உருகி வழிய வழியப் போகும் மீன் கூலர்கள்,
மார்கழி மழை.
ஏழு மூன்றாகி, மூன்று ஒன்றாகி,
கடைசியில் ஒருத்தரும் தேடாத
ஏதோ ஒன்றாகி.

எனக்குத் தெரியும் அது எங்கே இருந்ததென்று.
சக்கரத்துக்கும் தெரியும்:
தடித்த பெயின்றில் ஏறும்போது
ஹேண்டிலில் ஒரு சின்னக் கூச்சம் வரும்.
அது வராமல் போன நாளிலிருந்து
அந்த இடத்தில் பிரேக் பிடிப்பதை விட்டேன்.
இதை எவரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

பிலோமினாவுக்கும் தெரிந்திருந்தது.
பாலையூற்றுக்காரி,
ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை.
அழிந்துபோன கோடுகளின் மேல்
அவை அழியாததுபோலவே
நேராக நடந்து வந்தாள்,
வலம் பார்த்து, இடம் பார்த்து,
கையை உயர்த்தி.
அந்தக் கையைத்தான் நான் முதலில் கண்டேன்.

அவளுக்கு இடுப்பில் ஒரு தகடு, நாலு ஆணி.
எனக்குத் தண்டப்பணம்.
தரிப்பிடத்தில் “தப்பியிட்டாய்” என்றார்கள்.
பிளேன்ரீக்குக் காசு கொடுக்க விடவில்லை.

பிறகு கடிதம் எழுதத் தொடங்கினேன்.
நகரசபை: அது எங்கள் வீதி இல்லை.
வீதி அதிகார சபை: தங்கள் கடிதம் கிடைத்தது.
பிறகு, பெயின்ற் வரவில்லை.
பிறகு, பெயின்ற் வந்தது, மெஷின் கந்தளாயில்.
பிறகு மழை.
ஆறாம் தடவை போனபோது
கந்தோரில் முபீனா என்ற பிள்ளை
கோப்பை மூடிவிட்டுக் கேட்டாள்:
“அந்த இடத்தில உங்கட ஆக்கள் ஆருக்கும்...?”
“ஓம்” என்றேன்.
வேறென்ன சொல்ல.

போன வியாழன் இரவு வந்தார்கள்.
ஐந்து பேர், ஒரு லொறி,
கேஸ் அடுப்பில் பாகுபோலக் கொதிக்கிற வெள்ளை.
மறிக்கக் கூம்பு போதவில்லை.
ஓட்டோவைக் குறுக்கே விட்டு
ஹெட்லைற்றைப் போட்டேன்.
கயிறு பிடித்து, சுண்ணாம்பு தட்டி
அவர்கள் அடையாளம் வைத்த இடம்
ஒரு முழம் தள்ளி.
“இஞ்ச இல்லை தம்பி, அங்கால.”
“எப்பிடித் தெரியும்?”

குனிந்து
மதிலோர மண்ணைக் கையால் வழித்தேன்.
சக்கரம் ஏறாத விளிம்பில்
நகமளவு மஞ்சள்.

அன்றைக்கும் இருந்திருக்கும்.

தம்பி ஒன்றும் சொல்லாமல்
கயிற்றை நகர்த்தினான்.
ஊற்றிய சூட்டின் மேல்
கண்ணாடிப் பொடி தூவினார்கள்.
“ஏன் இது?”
“லைற் பட்டா திருப்பி அடிக்கும் அண்ணை,
ஓடுறவன்ர கண்ணுக்கு.”

வெள்ளி காலை, ஏழு பத்து.
பிள்ளைகள் போன பிறகு
பிலோமினா பொல்லோடு வந்தாள்.
கோட்டுக்கு வெகு முன்னமே நிறுத்தினேன்.
பின்னால் மூதூர் பஸ் ஹோர்ன் அடித்தது.
அடிக்கட்டும்.
ஏழு கோட்டுக்கும் அவள் வைத்தது
இருபத்தொரு எட்டு.
நடுவில் ஒருமுறை என் பக்கம் பார்த்தாள்.
கண்ணாடியில் வெயில்.
கையை உயர்த்தவில்லை,
ஒன்றில் பொல்லு, மற்றதில் பை.

அவள் கரையேறிய பிறகு
மெதுவாக எடுத்தேன்.
ஹேண்டிலில் அந்தச் சின்னக் கூச்சம்,
ஏறும்போது ஒன்று,
இறங்கும்போது ஒன்று.