வைக்கோல் நிறம்

ஆகஸ்ட் மாதத்துப் பெரிய ஓதம் வடிந்த மறுநாள்
வெர்சோவா கரையில் கிடந்தது.
ஒற்றைச் செருப்பு, தெர்மாகோல், மருந்துக் குப்பி,
நடுவே இது:
முழங்கை அளவில், முழங்கை போலவே மடங்கிய வேர்.
எந்த மரம் என்று சொல்ல
பட்டை எதுவும் மிச்சமில்லை.

விறகு, என்றாள் ஜெசிந்தா.
மீன்தொட்டிக்கு, என்றேன்.
லோக்கலில், பெண்கள் பெட்டியில்,
துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.
பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து இடம் விட்டாள்,
கைக்குழந்தைக்காரிக்கு விடுவது போல.
பிறகு துணி விலகியது. பார்த்தாள்.
விட்ட இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் கத்தி முனையால் குத்திப் பார்க்க வேண்டும்.
மெத்தென்று இறங்கினால் அழுகல்;
கெட்டி தட்டும்வரை சுரண்டு.
ஆறாத புண்ணுக்கு வார்டில் செய்வதுதான்,
இதற்கு வலிக்காது என்பதால் கை தயங்கவில்லை.
ஒரு துளைக்குள் ஃபோர்செப்ஸ் விட்டு
நைலான் வலை இழை ஒன்றை இழுத்தேன்.
வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது
ஒரு சாண் நீளத்துக்கு, பச்சையாக.

சோப்பு கூடாது. டெட்டாலும் கூடாது.
பதினொரு வருடம் பழகிய கைக்கு
இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது.

எங்கள் பாத்திரம் எதிலும் அது அடங்கவில்லை.
கீழ்வீட்டு ருக்சானாவின் பிரியாணி தேக்சாவில்
ஒரு பாதி வெந்தது,
மறுபாதி ஜன்னல் வழியாக
சயான் மேம்பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.
இரண்டு மணி நேரம். பிறகு தலைகீழாக இரண்டு மணி நேரம்.
சிலிண்டர் காசு உன் கணக்கு என்ற ஜெசிந்தா
வாசனை வந்ததும் எட்டிப் பார்த்தாள்:
மழையில் நனைந்த பள்ளிக்கூட பெஞ்சு.
எதை வேகவைத்தாய் என்று கேட்டாள் ருக்சானா.
வேர், என்றேன். மருந்துக்கா, என்றாள்.
தலையாட்டி வைத்தேன்.

உப்புதான் லேசில் போகாது.
குழாயில் தண்ணீர் ஐந்து நாற்பதிலிருந்து ஆறு இருபது.
குடிக்க, சமைக்க, குளிக்க,
அப்புறம் நீல வாளிக்கு.
பழைய தண்ணீரைக் கொட்டுமுன்
நிறத்தை நோட்டில் குறிப்பேன், தொழில் புத்தி:
கடும் பழுப்பு.
கடும் பழுப்பு.
பழுப்பு, மேலே நுரை.
பால் ஊற்றாத டீ (இது ஜெசிந்தாவின் கையெழுத்து).
நைட் டூட்டி, மாற்றவில்லை.
பழுப்பு.

ஞாயிறுதோறும் நக்கிப் பார்ப்போம்.
அவள் தூத்துக்குடிக்காரி, உப்பளத்துப் பக்கம்;
இந்த விஷயத்தில் அவள் நாக்குக்கு மேல் அப்பீல் கிடையாது.
முதல் ஞாயிறு: கடல்.
இரண்டாவது: கருவாடு.
மூன்றாவது: அழுத மூஞ்சி.
நான்காம் ஞாயிறு வெகுநேரம் யோசித்தாள்.
"இப்ப வெறும் மரம்தான்டி."

ஆனால் மூழ்கவில்லை.
உப்பை விட்டது, சாயத்தை விட்டது,
மிதப்பதை மட்டும் விடவில்லை.
கையை எடுத்தால் மேலே வரும்
முதுகைக் காட்டிக்கொண்டு.
முந்தைய வாடகைக்காரர் விட்டுப்போன
ஐந்து கிலோ டம்பெல்லை ஏற்றி வைத்தோம்.
குளியலறையில் கால் வைக்க இடமில்லை;
வாளியைச் சுற்றி வளைந்து
கொக்கு மாதிரி நின்று குளித்தோம்.

செப்டம்பர் கடைசியில் ஓர் இரவு,
மூன்று அட்மிஷன், ஒரு டிஸ்சார்ஜ்,
இன்னொன்று வேறு மாதிரி.
காலையில் வந்து ஷூ கழற்றாமல் எட்டிப் பார்த்தேன்.
டம்பெல் தரையில் இருந்தது.
துணி துவைக்க எடுத்து வைத்தவள்
மறந்துவிட்டு டூட்டிக்குப் போயிருக்கிறாள்.
மரம் அடியில் இருந்தது.
யாரும் பிடிக்காமல், எதுவும் அமுக்காமல்.
ஒரு விரலால் முனையைத் தூக்கி விட்டேன்.
மெல்லத் திரும்பிப் போய்ப் படுத்தது.
நோட்டை எடுத்து எழுதினேன்: வைக்கோல் நிறம்.
வார்டில் அதை எழுதினால்
அன்றைக்கு டாக்டரைக் கூப்பிட வேண்டியதில்லை.

தொட்டியில் வைத்த ஆறாம் நாள்
வெள்ளையாக வழவழவென்று ஏதோ படர்ந்தது.
தூக்கிப் போடு என்று அவள், பொறு என்று நான்.
குர்லா கடைக்காரன் மூன்று நத்தை தந்தான்.
இரவெல்லாம் மேய்கின்றன.
மீன் இன்னும் வாங்கவில்லை.

வாளி மொட்டைமாடிக்குப் போய்விட்டது.
நாங்கள் என்னவோ
அது இருந்த இடத்தைச் சுற்றி வளைந்துதான்
இன்னும் குளிக்கிறோம்.