கொசுறு

முட்டைக்குள் மிச்சமிருந்த மஞ்சள் கருவை
ஓடு உடையுமுன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு
கட்டுச்சோற்றோடுதான் பிறக்கிறது ஒவ்வொன்றும்.
மூன்று நாளுக்குத் தாங்கும்.
அந்த மூன்று நாளை நம்பித்தான்
முத்திரை குத்துகிறது தபால் இலாகா.

அயோவாவில் பொரித்தது செவ்வாய் இரவு.
இன்று வெள்ளி, விடியற்காலை நாலு பத்து.
சோறு இந்நேரம் பாத்திரத்தின் அடியைத் தொட்டிருக்கும்.
வடக்கு டகோட்டாவில் ஏப்ரல் என்றால்
காலண்டரில் மட்டும் வசந்தம்.
நெடுஞ்சாலையை மூடினார்கள், திறந்தார்கள்,
மறுபடி மூடினார்கள்.
அஞ்சலகத்தின் பின்கதவருகே
பூட்ஸ் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு
லாரிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தேன்.

வந்தது.
ஃபார்கோவிலிருந்து அப்திரசாக்,
நாலு மணிநேர வழியில் ஏழு மணிநேரம்.
விதிப்படி பின்னால் மூட்டைகளோடு வரவேண்டிய பெட்டி
முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
"ராத்திரி பூரா பேசிக்கொண்டே வந்ததுகள்,
தூங்கவிடவில்லை, நல்லதாய்ப் போயிற்று"
என்றதோடு அவரும் நிறுத்திக்கொண்டார்.

பதினெட்டு வருஷத்தில்
விலாசங்களைவிடக் கவனமாய் நான் படித்தது
இந்தக் கீச்சொலியைத்தான்.
ஊசியாய்க் குத்தினால் குளிர்.
கொறிப்பதுபோல் முணுமுணுத்தால் சுகம்.
ஓசையே இல்லையென்றால் துளையில் விரலை விட்டு
ஏதாவது கொத்துகிறதா என்று காத்திருக்கவேண்டும்.
அந்தக் காத்திருப்புக்குச் சம்பளத்தில் தனிப் பத்தி கிடையாது.

இன்று முணுமுணுப்பு.
ஒரு மூலையில் மட்டும் ஊசி.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது சரிதான்.
பெட்டிக்குள் கோழி இல்லையே.
குளிர்ந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்,
அன்புக்காக அல்ல, சூட்டுக்காக;
அடியில் அகப்பட்டதற்கு இரண்டும் ஒன்றுதான்.
அதனால்தான் இருபத்தைந்து என்ற கணக்கு:
குறைந்தால் சூடு போதாது, கூடினால் காற்று போதாது.
அதனால்தான் அடியில் மரச்சுருள்;
வழுக்கினால் கால்கள் பக்கத்துக்கொன்றாய் விரியும்,
பிறகு சேராது.
இதையெல்லாம் யாரோ
ஒவ்வொரு சாவாய் எண்ணித்தான் கற்றிருக்கவேண்டும்.

ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன்.
ஒட்டி அல்ல, பக்கத்தில்.
தொலைபேசியை லவோன் ஸ்டென்ஸ்ருட்
முதல் மணியிலேயே எடுத்தாள்.
"சத்தம் இருக்கா?"
"இருக்கு."
வைத்துவிட்டாள்.

கோட்டில்லாமல் வந்து நின்றாள்.
மைனஸ் ஒன்பதில் அவள் கழுத்தில் வியர்வை;
முப்பது மைலும் வண்டியை
அடுப்பாய்க் காயவைத்து ஓட்டியிருக்கிறாள்.
கெட்சப் மூடியில் சர்க்கரைத் தண்ணீர்.
ஒவ்வொன்றாய் எடுத்து அலகை நனைத்தாள்.
நனைந்ததும் தலையைத் தூக்கி
என் குழல்விளக்கை வானம்போல் பார்த்து
விழுங்கிற்று ஒவ்வொன்றும்.
பத்தொன்பதில் எண்ணிக்கை தவறி
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

இருபத்தைந்து.
மூலையில், தட்டையாய், இன்னொன்று.

நஷ்டப் படிவத்தை உருவினேன்.
வேண்டாமென்று தலையாட்டினாள்.
காசு இருபத்தைந்துக்குத்தானாம்.
வழியில் ஒன்று போனால் போகட்டுமென்று
பண்ணையில் ஒன்று கூட்டிப் போடுவது வழக்கம், கொசுறாக.
"போனது கொசுறு. கணக்கு சரி."

சரிதான்.
ஆனால் எடுத்துப் போட்ட கைக்கே
எது கொசுறென்று தெரிந்திருக்காது.
செவ்வாய் இரவு இருபத்தாறும்
ஒரே கனம், ஒரே மஞ்சள்.

அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.
தரை உறைந்து கிடக்கிறது; தோண்டுவதற்கு மே ஆகும்.
எங்கே வைப்பாயென்று நான் கேட்கவில்லை.
இன்று நான் கேட்காமல் விட்டது இது இரண்டாவது.

ரசீதை நீட்டினேன்.
உருப்படி: ஒன்று, என்றிருந்தது.
கையெழுத்துப் போட்டாள்.