மஞ்சள் காதுகள்

நாலாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில்
தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறது,
உருளைக்கிழங்குதான் வேகமாட்டேன் என்கிறது.
நான் கடலோரத்துக்காரி.
வந்த முதல் வாரம் ஓர் அல்பாக்காவைத் துரத்தி
அது நின்று திரும்பிப் பார்க்கும்போது
நான் தரையில் கிடந்தேன்.
எர்மெலிந்தா சிரிக்கவில்லை.
கோகா இலை நாலைக் கையில் வைத்து
மெல்லு, பேசாதே என்றாள்.

மழை மாதங்களில் இங்கே குட்டிகள் பிறக்கின்றன.
மழை மாதங்களிலேயே சாகின்றன.
காலையில் துள்ளியது
மாலையில் வயிறு ஊதி, கழுத்து பின்னுக்கு வளைந்து
வானத்தில் எதையோ தேடுவதுபோல் கிடக்கும்.
அறுத்துப் பார்த்தால் குடல் செக்கச்செவேல்,
உள்ளே காற்று, திரிந்த பால்.
கிருமிக்கு நீளமான பெயர்.
எர்மெலிந்தா ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்.
பிறகு கெச்சுவாவில் ஒரு குட்டிச் சொல்லைப் போட்டு
அதை மூடிவைத்தாள்.

என் கேள்வி எளியது.
சினையின் கடைசி மூன்று மாதம்
தாய்க்கு ஓட்ஸ் வைக்கோல் கூடுதலாகப் போட்டால்
சீம்பால் கெட்டிப்படுமா,
குட்டியின் ரத்தத்தில் காவல் கூடுமா?

அறுபது தாய்கள்.
கம்ப்யூட்டர் திருவுளச்சீட்டுப் போட்டது.
முப்பது காதுகளில் நீல வில்லை,
முப்பது காதுகளில் மஞ்சள்.
நீலத்துக்கு ஓட்ஸ்.
மஞ்சளுக்கு மலை தருவது மட்டும்.
செப்டம்பரில் மலை தருவது
காய்ந்த இச்சுப் புல்லும் காற்றும்.

"மஞ்சள் என்ன தப்பு செய்தது?"
ஒன்றும் இல்லை, ஒப்பிட வேண்டும் என்றேன்.
"ஒப்பிட்டால்?"
எது நல்லதென்று அடுத்த வருடம் தெரிந்துவிடும்.
"பசி நல்லதில்லை என்று
எனக்கு இந்த வருடமே தெரியும்."
இதை மட்டும் ஸ்பானியத்தில் சொன்னாள்,
தப்பாமல் எனக்குப் புரிய வேண்டும் என்று.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடை.
அக்டோபரில் மஞ்சள் 31 இளைத்தது, எதிர்பார்த்ததுதான்.
நவம்பரில் மூன்று கிலோ கூடியது.
தராசைக் கழற்றி மாட்டினேன்.
மறுபடி நிறுத்தேன். அதே மூன்று கிலோ.
அதன் வாயோரத்தில்
ஓர் ஓட்ஸ் உமி ஒட்டியிருந்தது.

கொட்டகையில் கட்டுகளை எண்ணினேன். கணக்குச் சரி.
நீலத்தின் பங்கில் அவள் கைவைக்கவில்லை.
பனியில் உறையவிட்டு மிதித்துக் காயவைத்த கிழங்கு,
வீட்டுக்கு வைத்திருந்த ஒரு மூட்டை,
கீழ்ப் பள்ளத்தாக்குக்குச் சுமந்துபோய்
ஓட்ஸாக மாற்றி வந்திருக்கிறாள்.
முப்பதில் ஏன் அது மட்டும் என்று கேட்டேன்.
"அதுதான் என்னைப் பார்த்தது."
கோபப்பட எனக்கு மூச்சு போதவில்லை.

பிப்ரவரி.
மஞ்சள் 12-இன் குட்டியைக் காலையில் அறுத்தேன்.
இரண்டு நாள் வயது. கத்தி பட்டதும் காற்று சீறியது.
அதன் தாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று
முனகியது, மூக்கால், விடாமல்.
அதற்காக யாரும் மூட்டை சுமக்கவில்லை.
நானும்.

மத்தியானம் 31-இன் குட்டிக்கு ரத்தம் எடுத்தேன்.
கார் பேட்டரியில் சுழற்றிப் பிரித்த
மஞ்சள் நீர், சோதனைக் குழாயில்.
இந்தப் பருவத்தில் நான் பார்த்த
எல்லா எண்ணையும்விடப் பெரிய எண்.
எங்கும் எழுத முடியாத எண்.

படிவத்தில் கேட்டிருக்கிறது:
ஆய்விலிருந்து நீக்கக் காரணம்.
இறப்பு. திருட்டு. விற்பனை. மற்றவை.
மற்றவையில் குறியிட்டேன்.
பக்கத்தில் விளக்கம் எழுத ஒரு கோடு, விரல் நீளம்.

கோடு இன்னும் காலியாக இருக்கிறது.
பேனா மை உறைந்துவிட்டது என்று
பேராசிரியரிடம் சொல்லிக்கொள்ளலாம்.
இந்த உயரத்தில் அதை நம்புவார்கள்.