எண்சாண் உடம்புக்கு

திரியெஸ்தே துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்தில் நீவெசுக்கு வேலை.
கிரேனின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தால்
கப்பல்கள் காலுக்கடியில்
தீப்பெட்டி அடுக்குகளாய்க் கிடக்கும்.
அங்கே அவள் உயரத்தை யாரும் கேட்டதில்லை.

இறங்கி வந்தால்தான் கேட்பார்கள்.

கடையில் அந்தச் சிவப்பு வண்டி.
இருக்கை உயரம் எண்ணூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர்.
இடுக்கிலிருந்து குதிகால் வரை அவள் கால்
அறுநூற்றுத் தொண்ணூறு.
மீதிக் கணக்கைப் படுக்கையில் போட்டாள்:
ஏறி உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கும்,
பூட்ஸின் அடி கொஞ்சம் கொடுக்கும்,
இருக்கையின் அகலம்
கொடுத்ததில் பாதியைப் பிடுங்கிக்கொள்ளும்.
மிஞ்சுவது கட்டைவிரலின் நுனி.
அதுவும் ஒரு பக்கம்.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்றவன்
சிவப்பு விளக்கில்
இருநூறு கிலோவைத் தாங்கி நின்றதில்லை.

விற்பவன் ஸ்கூட்டர்கள் இருந்த மூலையைக் காட்டினான்.
அவள் பேனாவைக் கேட்டாள்.

பட்டறை லிவியோ ஸ்கெர்க்
இருக்கையின் நுரையைச் சீவினான்,
ரொட்டியின் ஓரத்தைச் சீவுவதுபோல.
பின்சக்கர இணைப்பை மாற்றி
முதுகை நாற்பது மில்லிமீட்டர் இறக்கினான்.
இரண்டு முன்பாதமும் தரையில்!
அன்று மாலை
ஒன்றுமில்லாத சிக்னலில்கூட நின்று பார்த்தாள்.

ஒப்பிசீனா மலைப்பாதையில்தான்
வண்டி வேறு ஆளாகிவிட்டது தெரிந்தது.
மூக்கைத் தூக்கிக்கொண்டது.
திரும்பு என்றால் யோசித்தது.
மூன்றாம் வளைவில் அடிவயிறு தார்ச்சாலையில் தேய்ந்து
பொறி பறந்தது.

பிப்ரவரியில் போரா அடித்தது.
ஆளையே இழுத்துப்போகும் வடகிழக்குக் காற்று.
வண்டியைக் குட்டையாக்கிய லிவியோ
பக்கத்து ஸ்டாண்டை வெட்ட மறந்திருந்தான்.
சாயாமல், கும்பிட வந்தவன்போல்
நெட்டுக்குத்தலாக நின்ற வண்டியைக் காற்று
ஒற்றை விரலால் தள்ளியது.
பிரேக் கம்பி போயிற்று. கண்ணாடி போயிற்று.

"பழையபடி ஏற்றிவிடு" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"நுரையை மட்டும் அப்படியே விட்டுவிடு."

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள்,
லாரிகள் இல்லாத துறைமுகத் திடல்.
ஓட்டுவதற்கு அவளுக்குப் பயிற்சி தேவையில்லை.
நிற்பதற்குத்தான்.
நிற்பதற்கு ஒரு மூச்சு முன்பே
இடுப்பை ஒரு பக்கம் வழுக்கவிட்டு
ஒரே ஒரு பாதத்தை முழுசாய் வைக்க வேண்டும்.
இருநூறு தடவை நின்றாள்.
மூன்று தடவை விழுந்தாள்.
தொடையில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு தீவு
ஏப்ரல் வரை இருந்தது.

இப்போது நகரம் அவளுக்கு
வேறொரு வரைபடம்.
மீன்சந்தை முன்னால் வெள்ளைக் கோடு வழுக்கும்.
மருந்துக்கடைத் திருப்பத்தில் சாலை இடப்பக்கம் சரியும்,
அங்கே நிற்கவே கூடாது.
ரயில்நிலையச் சிக்னலில் வலப்பக்க ஓரக்கல்
ஒரு சாண் உயரம்.
கட்டியவன் வீட்டுக்கு
ஒரு புட்டி மது அனுப்ப வேண்டும்.

கதைகளில் தேவர்களுக்குக் கால் நிலத்தில் பாவாது.
பேய்களுக்கும் அப்படியே.
இரண்டு கூட்டத்துக்கும்
சிக்னலில் நிற்கும் தொல்லை இல்லை.

நேற்று அதே ரயில்நிலையச் சிக்னல், அதே காற்று.
அருகில் வந்து நின்றவன்
இரண்டு பாதமும் பரப்பி,
முழங்கால் மடங்க, சாவகாசமாய்
மேலிருந்து கீழாகப் பார்த்தான் அவளை.
"உனக்கு இது பெரிசாக இல்லையா?"

வலது கால் ஓரக்கல்லில்,
இடது கால் கியரில்,
இரண்டு விரல் முன்பிரேக்கில்,
பாதி இருக்கையில் தொங்கியபடி
"ஆமாம், பெரிசுதான்" என்றாள் நீவெஸ்.

பச்சை.
காலை எடுத்தான் அவன், எடுத்தாள் அவள்.
நான்கு பாதங்களும் தரைக்கு மேல்
ஏறக்குறைய ஒரே உயரத்தில்.

அடுத்த சிவப்புக்கு
எந்த ஓரக்கல் என்று
அவள் இப்போதே தேடத் தொடங்கியிருந்தாள்.