கால் சுற்று

கொக்குவிலில் இரவு பத்தரை.
மெசினின் மேல்மூடி கழண்டு
சாப்பாட்டு மேசையில் கிடக்குது.
ஸ்ரான்லி வீதியில் வாங்கின ஊசி வால்வு,
மூவாயிரத்து இருநூறு.
"காஸ் அடுப்புக்கோ?" எண்டு கேட்டார் கடைக்காரர்.
ஓம் எண்டுபோட்டு வந்திட்டன்.
கோப்பிக்கு எண்டால் ஆர் நம்பப்போகினம்.

இந்தப் பம்புக்கு ஒரே குணம்தான்:
எடுத்த எடுப்பில் ஒன்பது பார்.
தூள் பிளந்து, ஓரத்தாலை தண்ணி பாய்ஞ்சு,
கோப்பை முழுக்கப் புளிப்பு.

முதல் பூட்டினபோது ஒழுகினது.
ரெண்டாந்தரமும்.
டெஃப்லோன் நாடாவைப் பல்லால் அறுத்துச் சுத்தினன்.
தர்சாயினி கதவடியில் நிண்டு
"வொறண்டி போச்சு" எண்டாள்.
போய்ப் படுக்கேல்லை.

இப்ப கால் சுற்று.
முள் ரெண்டில் நிக்குது.
எட்டு விநாடி
ஒண்டும் விழேல்லை.
தூள் நனையிறதுக்குச் சத்தம் இருந்தால்
அதைத்தான் ரெண்டுபேரும் கேட்டுக்கொண்டிருந்தம்.

பிறகு மெல்லத் திறந்தன்.
கறுப்பாய் ஒரு இழை,
நடுங்காமல்,
போகப்போக மண்ணிறமாகி.

ரெண்டு வாய் குடிச்சாள்.
கொஞ்சம் யோசிச்சாள்.
"கிணத்துத் தண்ணியோ விட்டனீங்கள்?"

ஓம்.
ஊசிமுனையில் சுண்ணாம்பு
இப்பவே வேலை தொடங்கியிருக்கும்.