திங்கட்கிழமை வரை

சதுக்கத்தைக் குறுக்கே கடந்துவிடாதே,
பட்டம் கிடைக்காது என்கிறாள்
அறைத்தோழி ஒர்னெல்லா.
போலோன்யாவில் படிக்கிறவர்கள்
ஓரமாகவே சுற்றிப் போகிறார்கள்,
கடைசி வருஷத்துக்காரர்கள் கூட.

வகுப்பு திங்கட்கிழமைதான்.
இன்று சனி.

காய்கறிப் பையோடு போனவரை நிறுத்தி
ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னேன்.
நெப்டியூனின் சூலம் விழுந்திருக்கிறது,
புறா விழுந்திருக்கிறது,
என் தலைதான் இல்லை.
எந்த ஊர் என்றார். விழுப்புரம் என்றேன்.
ஆகா என்று தலையாட்டினார்,
போன வாரம் போய்வந்தவர் போல.

பிஸ்தா ஐஸ்கிரீம் நான்கு யூரோ.
ரூபாயில் பெருக்கிப் பார்த்து
வயிறெரிவதும்
திங்கட்கிழமைதான் தொடங்கும்.

முழங்கை வரை வழிவதை நக்கிக்கொண்டே
மூலைக்கு மூலை
குறுக்கே நடக்கிறேன்.

ஓரத்தில் ஒர்னெல்லா
கண்ணைப் பொத்திக்கொள்கிறாள்,
விரலிடுக்கில் பார்த்தபடி.